நகரமைப்பும் நகர வாழ்வும்

(நகரமைப்பு பயிலும் மாணவர்களும் உள்ளாட்சி அலுவலர்களும் பங்குபெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நகரில் வாழும் ஒருவர் முழுமைத் திட்ட வரைபடத்தைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் காண்பது அரிது. ஆயினும் அவருடைய குழந்தை பள்ளிக்குச் செல்ல எத்தனை பெருஞ்சாலைகளைக் கடக்க வேண்டும், அவர் வேலைக்குச் செல்லப் பேருந்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், காய்கறி வாங்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பனவெல்லாம் அவ்வரைபடத்திலேயே முடிவாகி விடுகின்றன. இதனை விளக்கச் சண்டிகர் நகரை எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டில் ஏறத்தாழ முழுவதும் வரைபடத்தில் பிறந்த நகரம் அது. அதன் நிறைகளும் குறைகளும் மறைவின்றித் தெரிகின்றன.

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. கிழக்குப் பஞ்சாப் தலைநகரின்றி நின்றது. புதிய நகருக்கான முதல் திட்டத்தை அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர் தயாரித்தார். அவருடன் பணியாற்றிய மாத்யூ நோவிக்கி 1950இல் விமான விபத்தில் மறைந்தார். 1951இல் பொறுப்பேற்ற லெ கார்பூசியே திட்டத்தைத் திருத்தியமைத்தார். பியர் ஜான்னரே, மாக்ஸ்வெல் பிரை, ஜேன் டுரூ ஆகியோரும் இந்தியக் கட்டடக் கலைஞர் பலரும் உடன் உழைத்தனர். பெயர்கள் இருக்கட்டும்; அவர்கள் செய்தது என்ன என்பதைக் காண்போம்.

நகரம் செக்டார்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 800 மீட்டர் அகலமும் 1,200 மீட்டர் நீளமும் உடையது. விரைவு வண்டிகள் செல்லும் சாலைகள் செக்டாரைச் சுற்றியே செல்லும். அவற்றை நோக்கி எந்த வீட்டின் வாசலும் திறவாது. உள்ளே ஒரு கடைத்தெரு குறுக்கே ஓடும். கடைகள் அதன் ஒரு பக்கத்தில் மட்டும், நிழல் விழும் பக்கத்தில் அமைந்தன. பொருள் வாங்க வருவோர் வெயிலில் நிற்க வேண்டாம். சாலையை மாறி மாறிக் கடக்கவும் வேண்டாம். பசும்பரப்பு ஒன்று செக்டாரின் ஊடே செல்லும். பள்ளிகள் அதனை ஒட்டி அமையும். குழந்தை பள்ளிக்கு நடந்தே சென்று திரும்பலாம். இதற்கு எந்தப் புதிய இயந்திரமும் தேவைப்படவில்லை. சாலையின் வகையையும் வாசலின் திசையையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்ததே போதுமாயிருந்தது.

வீடுகளிலும் இக்கருத்து காணப்பட்டது. அரசு ஊழியருக்கான வீடுகள் பதின்மூன்று வகைகளாக வகுக்கப்பட்டன. கடைநிலை ஊழியருக்கும் இரண்டு அறைகள், சமையலறை, குளியலறை, தனிக் கழிப்பறை கிடைத்தன. 1950களில் நம் நகரங்களில் இத்தகைய வீட்டைக் கடைநிலை ஊழியர் கனவில்தான் கண்டிருப்பார். சண்டிகரைக் குறை கூறுவோர் பலர் இதனை மறந்து விடுகின்றனர்.

ஆனால் இவையனைத்தும் அரசுப் பட்டியலில் பெயர் உள்ளவருக்கே. அந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்தவர் எங்கே உறங்கினார்? நகரைக் கட்டிய தொழிலாளருக்குத் தற்காலிகக் குடியிருப்புகள் ஒதுக்கப்பட்டன. கட்டுமானம் முடிந்ததும் அவர்கள் சென்று விடுவர் என்று கருதப்பட்டது போலும். ஒரு நகரின் கட்டுமானம் எப்போது முடிகிறது? அவர்கள் செல்லவில்லை, செல்லவும் இயலாது. தற்காலிகம் பல ஆண்டுகள் நீடித்தது. குடிசைகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்க்கப்பட்டன. மது சரீன் 1982இல் வெளியிட்ட ஆய்வு நூல், திட்டத்தில் இடம்பெறாத இக்குடியிருப்புகளை விரிவாக ஆராய்கிறது. மாணவர்கள் அதனைப் படிக்க வேண்டும்.

நில மதிப்பும் இதில் சேர்ந்து கொண்டது. நகரைச் சுற்றி 8 கிலோ மீட்டர் வரை தாறுமாறான கட்டடங்களைத் தடுக்க 1952இல் சட்டம் இயற்றப்பட்டது. 1962இல் அந்த எல்லை 16 கிலோ மீட்டராக நீட்டப்பட்டது. நோக்கம் நல்லதே. எனினும் உள்ளே மனை விலை எட்டாத உயரத்திலும் வெளியே கட்டத் தடையும் இருக்குமானால், குறைந்த ஊதியம் பெறுபவருக்குச் சட்டத்திற்கு உட்பட்ட இடம் எங்கே உள்ளது? செக்டார்களுக்கிடையே சிக்கிக்கொண்ட புரைல் போன்ற பழைய கிராமங்களே பலருக்கு வாடகை வீடு தந்தன. விளைநிலங்களை இழந்து ஊர்ப்பகுதி மட்டும் எஞ்சிய அக்கிராமங்களில் மாடி மேல் மாடி எழுந்தது. திட்டமிட்ட நகருக்கு அடைக்கலம் தந்தவை திட்டமிடாத தெருக்கள்!

5 லட்சம் மக்களுக்கென எண்ணப்பட்ட நகரம் அது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சண்டிகர் ஒன்றியப் பகுதியின் மக்கள் தொகை 10 லட்சத்து 55 ஆயிரத்தைத் தாண்டியது. நகரின் முதற்கட்டச் செக்டார்களில் தனி வீடுகளை அடுக்கு மாடிப் பகுதிகளாகப் பிரிப்பதை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. மரபுச் சிறப்பைக் காப்பது தேவைதான். ஆயின் நெருக்கம் குறைந்த பகுதி அப்படியே இருக்க, நெருக்கமான பகுதி மேலும் நெருங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்களில் சிலர் உடன்பட மாட்டீர்கள், விவாதிக்கலாம்.

நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்திற்கு நீலம், பூங்காவிற்குப் பச்சை தீட்டுகிறோம். மரத்தடியில் செருப்புத் தைப்பவருக்கு எந்த நிறம்? சண்டிகரிலும் நிழற்பாங்கான கடைத்தெரு இருந்தும் தள்ளுவண்டிகள் வந்தன. ஏனெனில் கடை வாங்க முதல் இல்லாதவர் இருந்தனர். மலிவாக வாங்க விரும்பியவரும் இருந்தனர். இவர்களுக்குச் சட்டத்தில் இடம் தந்தது 2014ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுப்பு வேண்டும் என்றும், நகர விற்பனைக் குழுவில் வணிகர் பங்கு 40 சதவிகிதத்திற்குக் குறையலாகாது என்றும் அது கூறுகிறது. உங்கள் ஊரில் அக்குழு கடைசியாக எப்போது கூடியது என்பதைக் கோப்பில் பாருங்கள்.

மாற்று வழி உண்டா? லெ கார்பூசியேயிடம் பணியாற்றிய பாலகிருஷ்ண தோஷி, 1980களில் இந்தூரில் ஆரண்யா குடியிருப்பை வடிவமைத்தார். 85 எக்டேரில் ஏறத்தாழ 6,500 மனைகள். பெரும்பகுதி நலிந்த பிரிவினருக்கு. வசதி படைத்தோர் மனைகளும் அதே திட்டத்திற்குள் இருந்தன. முழு வீடு கட்டித் தரப்படவில்லை. அடித்தளமும் கழிப்பறையும் தண்ணீர் இணைப்பும் தந்து, மீதியைக் கையில் பணம் சேரும்போது அவரவரே கட்டிக்கொள்ள விட்டனர். எப்படிக் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகள் மட்டும் எழுப்பப்பட்டன.

மனை பெற்றவர்களில் சிலர் பின்னர் விற்று வெளியேறினர், அத்திட்டமும் குறையற்றதன்று. எனினும் அதில் ஒரு சிறு ஏற்பாடு என்னைக் கவர்ந்தது. வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே அரை மீட்டர் அகலம் விடப்பட்டது. படிக்கட்டோ திண்ணையோ மேல் முகப்போ அவரவர் விருப்பப்படி அதில் அமைத்துக்கொள்ளலாம். விதிப்புத்தகத்தில் நாம் ஆக்கிரமிப்பு என்று எழுதும் அந்த அரை மீட்டர், அங்கே வரைபடத்திலேயே அனுமதிக்கப்பட்டிருந்தது.