விரதம் வேறு, இந்த நோய் வேறு



பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக அன்னதானம் நடக்கும். விரதம் இருந்தவர் மலையைச் சுற்றி வந்து, தொன்னையில் சாம்பார் சாதம் வாங்கி நிம்மதியாகச் சாப்பிடுவார். அது பக்தி.

ஆனால் அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, எடை கூடிவிடும் என்ற பயத்தில் யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுப்பது நோய். பெயர் புலிமியா. இது மேல்நாட்டு வியாதி என்று ஒதுக்க வேண்டாம். உணவு குறித்த மனவேதனை சென்னை மருத்துவ மாணவர்களிடமே இருப்பதை 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதற்கு மனநல ஆலோசனையே அடித்தளம். துணைக்கு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவாக்ஸெடின் மாத்திரையும் உதவுகிறது. மனச்சோர்வுக்கு வழக்கமாக 20 மில்லிகிராமில் தொடங்குவார்கள்; புலிமியாவுக்கு 60 வரை தேவைப்படலாம். மனச்சோர்வு இல்லாதவருக்கும் அது பலன் தரும்.

சாப்பிடாமலே உடல் மெலியும் அனோரெக்சியா வேறு. அங்கே முதல் மருந்து சோறுதான். எடை தேறாமல் மாத்திரை பெரிதாக வேலை செய்யாது. மனச்சோர்வுக்கே கொடுக்கும் புப்ரோபியான் என்ற இன்னொரு மாத்திரையோ இந்த இரு நோய் உள்ளவர்களுக்கும் வலிப்பை வரவழைக்கக்கூடும். அதனால் எந்த மாத்திரையையும் மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். மருத்துவர் தந்ததைப் பாதியில் நிறுத்தவும் செய்யாதீர்கள்.

வீட்டுப் பிள்ளை சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடினால் திட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. இது குணமாகக்கூடிய நோய். தயங்காமல் அழையுங்கள்.