மருதையாற்றுப் பாலமும் மறுமைக் கேள்வியும்

(தா.பழூரில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



நம் அரியலூர் மாவட்டம் பெரம்பலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய நாள் 2007ஆம் ஆண்டு நவம்பர் 23. ஆண்டுதோறும் அந்நாள் வரும்போது மாவட்டம் பிறந்த நாள் என்று மகிழ்கிறோம். அதே நவம்பர் 23ஆம் தேதிக்கு இம்மண்ணில் இன்னொரு நினைவும் உண்டு. இளைய தலைமுறையினரில் பலர் அதனை அறியமாட்டார்கள்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 23. அன்றும் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் நாள் இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, அரியலூர் நிலையத்தைக் கடந்து கல்லகம் நோக்கி வந்துகொண்டிருந்தது. பெருமழையால் மருதையாறு கரைபுரண்டு ஓடியது. ஃபஜ்ரு தொழுகைக்கு மக்கள் எழும் வைகறைப் பொழுதில் வண்டி பாலத்தை அடைந்தது. வெள்ளத்தால் வலுவிழந்திருந்த பாலம் தாங்கவில்லை. நீராவி எஞ்சினும் அதனை அடுத்திருந்த ஏழு பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. உறங்கிக்கொண்டிருந்த பயணிகளில் பலர் கண் விழிக்காமலேயே மரணத்தைச் சந்தித்தனர். உயிரிழந்தோர் தொகையைச் சில பதிவுகள் 142 என்றும், வேறு சில 154 என்றும் குறிப்பிடுகின்றன.

அந்த மருதையாறு நமக்கு அந்நியமானதன்று. பச்சைமலையில் தோன்றி, நம் மாவட்டத்தின் வழியே ஓடி, நாம் நாள்தோறும் காணும் கொள்ளிடத்தில் கலக்கின்ற ஆறு அது. மாண்டவர்கள் எந்த ஊரினர், எந்தச் சமயத்தினர் என்று நாம் கேட்க வேண்டியதில்லை. ஒரு யூதரின் பிரேதம் கொண்டு செல்லப்பட்டபோது பெருமானார் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று தோழர்கள் எடுத்துக் கூறியபோது, அதுவும் ஓர் ஆன்மா அன்றோ என்னும் பொருளில் வினவினார்கள். மனித உயிருக்குரிய கண்ணியத்தை அவர்கள் நமக்குக் கற்பித்த விதம் அது.

நாடு அளித்த பதில்

அன்பார்ந்தவர்களே! அப்போது இரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அரியலூர் விபத்துக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் மெஹபூப்நகர் அருகே பாலம் உடைந்து இரயில் வீழ்ந்து, நூற்றுக்கும் அதிகமானோர் இறந்திருந்தனர். அப்போதே அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூரில் மீண்டும் அதே துயரம் நிகழ்ந்தவுடன் அவர் மறுபடியும் விலகல் கடிதம் அளித்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். இவ்விபத்துக்குச் சாஸ்திரி நேரடிக் காரணர் அல்லர் என்றும், ஆயினும் அரசியல் நெறிக்கு இது ஒரு முன்மாதிரியாக அமையும் என்றும் அவர் நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

இதனைக் குறித்து அன்றே இரு விதமான கருத்துகள் நிலவின. எங்கோ ஓர் ஆற்றில் பாலம் உடைந்ததற்குத் தில்லியில் இருக்கும் அமைச்சர் விலகுவது உயர்ந்த பண்பு என்று ஒரு சாரார் போற்றினர். நேர்மையான ஒருவர் விலகுவதால் பாலம் உறுதியாகிவிடுமா, மாண்டவர் மீள்வாரா என்று மற்றொரு சாரார் வினவினர். தமிழகத்திலோ விவாதம் வேறு வடிவம் எடுத்தது. இரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசன் தமிழர். முதன்முறையாகத் தேர்தல் களம் கண்ட திராவிட முன்னேற்றக் கழகம், 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் அரியலூர் விபத்தை எதுகை நயமிக்க ஒரு முழக்கமாக்கி அவருக்கு எதிராகப் பரப்பியது. அந்த முழக்கம் இன்றும் முதியோர் பலருக்கு மனப்பாடம். மாண்டவர்களைக் காட்டி வாக்குக் கேட்பது தகுமா என்று சிலர் வருந்தினர். கேள்வி கேட்கப்படாத ஆட்சி விழிப்படையாது என்று சிலர் பதிலளித்தனர்.

இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆயினும் இவ்விவாதத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்ட ஒன்று உண்டு. மெஹபூப்நகர் விபத்தே ஓர் எச்சரிக்கையாக இருந்தது. மழைக்காலத்தில் பாலங்கள் எத்தகைய நிலையில் உள்ளன என்பதே அந்த எச்சரிக்கை எழுப்பிய கேள்வி. அமைச்சர் இருக்க வேண்டுமா, விலக வேண்டுமா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

சுமையை யார் சுமப்பது?

மேன்மைமிகு பெரியோர்களே! நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, உங்கள் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. ஆட்சியாளரில் தொடங்கி வீட்டுப் பணியாளர் வரை எவருக்கும் அதில் விலக்கு இல்லை. இப்பொறுப்பைச் செயலில் காட்டியவர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள்.

ஓர் இரவு மதீனாவின் புறநகரில் பசியால் அழும் குழந்தைகளையும், அவர்களை ஆறுதல்படுத்த வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியிருந்த தாயையும் உமர் (ரலி) அவர்கள் கண்டார்கள். விரைந்து சென்று மாவு மூட்டையை எடுத்துத் தம் முதுகில் ஏற்றினார்கள். உடனிருந்த பணியாளர் தாம் சுமப்பதாகக் கூறியபோது, மறுமையில் என் சுமையையும் நீ சுமப்பாயா என்ற கருத்தில் கேட்டு மறுத்துவிட்டார்கள். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, மக்களுக்குக் கிடைக்காத நெய்யும் இறைச்சியும் தமக்கும் வேண்டாமென்று ஒதுக்கினார்கள். வெளி மாகாணங்களுக்கு மடல் அனுப்பித் தானியம் தருவித்தார்கள். ஃபுராத் நதிக்கரையில் ஒரு கால்நடை மாண்டாலும் அதற்காகத் தாம் விசாரிக்கப்படுவோம் என்று அஞ்சினார்கள்.

சாஸ்திரி பதவியைத் துறந்தது பெரிது. அதனை எள்ளளவும் குறைத்துப் பேசலாகாது. 1999இல் கைசல் இரயில் விபத்துக்குப் பின் நிதிஷ்குமார் பதவி விலகியபோதும், 2023இல் ஒடிசாவின் பாலசோரில் 290க்கும் அதிகமானோர் மாண்டு, அமைச்சர் விலக வேண்டுமா என்ற வாதம் எழுந்தபோதும், நாடு சாஸ்திரியின் பெயரையே அளவுகோலாகக் கொண்டது. ஆனால் பதவி விலகுவது பொறுப்பை ஒப்புக்கொள்வதன் அடையாளம் மட்டுமே. பொறுப்பை நிறைவேற்றுவதற்கோ மூட்டையை முதுகில் ஏற்ற வேண்டும். பாலத்தைச் சோதிப்பவர், தூணில் அபாய அளவுக் கோட்டைப் பார்ப்பவர், மழையிரவில் விளக்கேந்தித் தண்டவாளத்தில் ரோந்து செல்பவர் ஆகியோர் அந்தச் சுமையை ஒவ்வொரு நாளும் சுமக்கிறார்கள். வெள்ளம் பாலத்தின் அடித்தளத்து மணலை அரித்துச் செல்வது மேலிருந்து பார்க்கும் எவர் கண்ணுக்கும் தெரியாது. தேடிச் சென்று பார்ப்பவருக்கே தெரியும்.

விதியின் பெயரால் மறைப்பது

ஒரு துயரம் நேர்ந்ததும் நம்மில் பலர், இது அல்லாஹ்வின் நாட்டம் என்று கூறி அத்துடன் பேச்சை முடித்துவிடுகிறோம். அல்லாஹ்வின் நாட்டமின்றி ஓர் இலையும் உதிராது என்பது நம் ஈமான். ஆனால் தக்தீரை நம்புவது இழந்தவரின் உள்ளத்துக்கு ஆறுதலாக வேண்டுமே ஒழிய, கவனக்குறைவாக இருந்தவருக்குக் கேடயமாகிவிடக் கூடாது.

சிரியா நோக்கிச் சென்ற உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்னும் பொருளில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்கு அறிவுறுத்தியதும் இதே பாடம்தான்.

இப்பாடத்தை நம் கொள்ளிடமே மெய்ப்பித்துக் காட்டியது. திருச்சியில் 1928இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடப் பாலம், அருகில் புதிய பாலம் திறக்கப்பட்ட பின் வாகனங்களுக்கு மூடப்பட்டது. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தபோது அதன் தூணில் விரிசல் தென்பட்டது. உடனே எவரும் செல்லாதபடி பாதை அடைக்கப்பட்டது. ஓரிரு நாட்களில் தூண்கள் இடிந்து ஆற்றில் வீழ்ந்தன, எவரும் உயிரிழக்கவில்லை. 1956இலும் வெள்ளம் வந்தது. 2018இலும் வெள்ளம் வந்தது. முன்னதில் பாலத்தின் மீது வண்டி ஓடியது. பின்னதில் தடுப்பு நின்றது.

உண்மையைத் தேடும் கடமை

விபத்துக்குப் பின் உண்மையைக் கண்டறிவதும் ஓர் அமானிதமே. உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. இரயிலை இயக்குபவரே விபத்தையும் விசாரித்தால் நீதி கிட்டாது என்பதால்தான், இரயில்வே ஆய்வு அமைப்பு 1941ஆம் ஆண்டிலேயே இரயில்வே வாரியத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இன்று இரயில்வே பாதுகாப்பு ஆணையம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது.

பாலசோர் விபத்தின்போது நடந்ததை நினைவுகூருங்கள். தண்டவாளத்தின் அருகே தெரிந்த ஒரு வெண்ணிறக் கட்டடத்தைப் பள்ளிவாசல் என்று கூறி, முஸ்லிம்கள் மீது பழி சுமத்தும் வதந்தி பரவியது. அது ஒரு கோயில் என்பது பின்னர் தெளிவானது. வதந்தி பரப்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஒடிசா காவல்துறை எச்சரித்தது. சிக்னல் பணிகளில் நேர்ந்த பிழைகளே காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. எவரேனும் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நமக்கு எதிரான பொய் நம்மைப் புண்படுத்துகிறது. எனவே பிறரைப் பற்றிக் கைப்பேசியில் வரும் செய்தியையும் விசாரிக்காமல் நாம் அனுப்பலாகாது.

நம் ஊரில் நம் பொறுப்பு

சகோதரர்களே! அமைச்சர்களின் பொறுப்பைப் பேசுவது எளிது. நம் பொறுப்பில் உள்ள பாலங்கள் எவை?

கொள்ளிடத்துக்கு அக்கரையில் கும்பகோணத்தில், 2004 ஜூலை 16ஆம் தேதி, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் கருகி மாண்டனர். சமையலறைத் தீ கூரைக்குப் பரவியது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. அதற்கு முன்னரும் அக்கூரைகள் எல்லார் கண்ணிலும் பட்டவைதாம்.

பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் இரு சக்கர வாகனத்தின் சாவியைக் கொடுத்து அனுப்பும் தந்தையே! சிமெண்ட் ஆலைகளின் லாரிகள் ஓயாது ஓடும் நம் சாலைகளை நீங்கள் அறிவீர்கள். நாளை ஏதேனும் நேர்ந்தால் தக்தீர் என்று கூறி, கேள்வி கணக்கிலிருந்து விடுபட இயலுமா? பிள்ளைகளை அளவுக்கு மீறி ஏற்றிச் செல்லும் ஆட்டோவைக் கண்டும் காணாதிருக்கும் பெற்றோரே! வெள்ளம் வரும் நாளில் கொள்ளிடத்தில் நீராடச் செல்லும் சிறுவரைத் தடுக்காத பெரியோரே! நாமும் மேய்ப்பாளர்கள்தாம். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக்கிய மார்க்கம் இது.

எனவே ஜமாஅத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நவம்பர் 23ஐ ஒட்டிய வாரத்தில், முத்தவல்லியும் நிர்வாகிகளும் இளைஞர்களும் கூடி ஒரு சோதனை நடத்துங்கள். பள்ளிவாசலின் மின்கம்பிகள், மாடிப்படியின் கைப்பிடி, ஹவுளின் சுற்றுச்சுவர், மத்ரஸாவின் கூரை ஆகிய அனைத்தையும் பாருங்கள். கண்ட குறையை எழுதி, ஜும்ஆவுக்குப் பின் அறிவியுங்கள். யார், எந்த நாளுக்குள் சரிசெய்வார் என்பதையும் சேர்த்து அறிவியுங்கள். ஊரின் சிறுபாலங்களிலோ மதகுகளிலோ விரிசல் கண்டால், அனைத்துச் சமய மக்களுடனும் இணைந்து அதிகாரிகளிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்கு நிகர் என்று அல்மாயிதா அத்தியாயம் (5:32) கற்பிக்கிறது. மருதையாற்றில் மாண்டவர்களுக்கு நாம் செலுத்தும் நினைவு இதுவாக இருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பொறுப்பில் நீ ஒப்படைத்த உயிர்களைப் பேணிக் காக்கும் விழிப்பை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் ஆட்சியாளர்களுக்கு அமானிதத்தைப் பேணும் உள்ளத்தை வழங்குவாயாக! பயணத்தில் உள்ளோரையும், அவர்களுக்காக மழையிலும் இருளிலும் விழித்திருப்போரையும் பாதுகாப்பாயாக! அன்புக்குரியோரை இழந்த குடும்பங்களுக்கு அழகிய பொறுமையை அருள்வாயாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.