மூளையின் நுண்குழாய்களும் முதுமையின் மனச்சோர்வும்

மனித மூளையின் எடை, உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. அதைச் சேமித்து வைக்க மூளையில் இடமில்லை. இரத்தம் நின்றால் சில நிமிடங்களிலேயே உயிரணுக்கள் மடியத் தொடங்கும். அதனால்தான் இதயத்திலும் இரத்தக் குழாயிலும் ஏற்படும் கோளாறு, முதுமையில் மனநலம் வரை எட்டுகிறது.

இந்தப் பாதிப்பு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, பக்கவாதம். பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பின்னர் மனச்சோர்வு ஏற்படுகிறது. மற்றொன்று, ஓசையில்லாமல் வருவது. மூளையின் ஆழத்துக்குச் செல்லும் மெல்லிய குழாய்களின் சுவர்கள், உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றால் பல ஆண்டுகளில் தடித்துக் குறுகுகின்றன. அங்குள்ள நரம்பு இழைகளுக்கு இரத்தம் போதாமல் போகிறது. கை கால் விழுவதில்லை, பேச்சு குழறுவதில்லை. எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால் மட்டும் வெண்திட்டுகள் தெரியும்.

பழுதாகும் அந்த இழைகள், திட்டமிட உதவும் மூளையின் முன்பகுதியை உணர்ச்சிகளை ஆளும் உட்பகுதிகளோடு இணைப்பவை. இணைப்பு தளர்ந்தால் ஊக்கம் குன்றும். 1997ஆம் ஆண்டு ஜார்ஜ் அலெக்ஸோபோலஸ் குழுவினரும் ரங்கா கிருஷ்ணன் குழுவினரும் இந்த நிலையை ‘இரத்தக் குழாய் சார்ந்த மனச்சோர்வு’ என்று விளக்கினர். இது பெரும்பாலும் முதுமையில்தான் முதன்முறையாகத் தலைகாட்டும். குற்ற உணர்வு குறைவாக இருக்கும். எதிலும் நாட்டமின்மை, நடையிலும் சிந்தனையிலும் மந்தம், வழக்கமான வேலையை வரிசையாகச் செய்ய முடியாத தடுமாற்றம் ஆகியவை மிகுந்திருக்கும். வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுவது இதனால்தான்.

பாதிப்பு எதிர்த்திசையிலும் நடக்கிறது. மாரடைப்பு வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் காணப்படுகிறது. மனம் சோர்ந்தவர் மாத்திரையை மறக்கிறார், நடப்பதை நிறுத்துகிறார், தூக்கம் கெடுகிறது. இதயம் மேலும் நலிகிறது.

இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது மூளைக்கும் காப்பாகிறது. அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேரிடம் நடந்த ‘ஸ்பிரிண்ட்’ ஆய்வின் அறிவாற்றல் பற்றிய முடிவு 2019இல் வெளியானது. மேல் அழுத்தத்தை 140க்குக் கீழே வைக்க முயன்ற குழுவைவிட, 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில் லேசான அறிவாற்றல் குறைபாடு சுமார் 19 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. ஆயினும் தளர்ந்த முதியவருக்கு அழுத்தம் மிகக் குறைந்தால் தலைசுற்றி விழும் ஆபத்து உண்டு. எந்த அளவு ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

குழாய்களின் பழுது நடுத்தர வயதிலேயே தொடங்கிவிடுவதால், அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் அப்போதே கவனிப்பது நல்லது. முதுமையில் புதிதாக மனச்சோர்வு வந்தால் இவற்றையும் சோதிக்க வேண்டும். இதய நோயாளியைப் பரிசோதிக்கும்போது மனநிலையையும் விசாரிக்க வேண்டும்.