பூட்டனின் துவக்கு

தெல்தோட்டைப் பக்கத்து வீடொன்றில் பூட்டன் காலத்துத் துவக்கு மிஞ்சியிருந்தால், அதைக் காணி உறுதி மாதிரி வாசிக்கலாம். வாசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் இந்த மலைகளின் கதை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் நமக்குப் பக்கத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அதற்கு முன்னர் இந்த மலைகளில் கோப்பி. அந்த நாளில் தோட்டங்களில் துவக்கு பெரும்பாலும் துரை பங்களாவின் பொருள். பிறகு பெரிய கங்காணி, கடை முதலாளி என்று மெல்லக் கீழே இறங்கியது. காணி பூமி உள்ள கிராமத்துக்காரரிடமும் இருந்தது. லயத்துக் காம்பராவுக்கு அது பெரும்பாலும் எட்டவில்லை. ஆகவே "எங்கள் பூட்டனிடம் துவக்கு இருந்தது" என்று பெருமை பேசுகிறவர், பூட்டன் எந்தப் படியில் நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். சிலருக்கு அது கூச்சமாக இருக்கும். இருக்கட்டும்.

இனித் துவக்கைப் பார்ப்போம். உள்ளே தோட்டா இல்லையென்று விஷயம் தெரிந்த ஒருவரைக்கொண்டு முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரட்டைக்குழல் துவக்கென்றால் குழல்களைக் கழற்றி, தோட்டா போடுகிற பக்கத்தின் அடிப்பாகத்தை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். நெல்மணி அளவில் சில முத்திரைகள் தெரியும். ஒரு முடி, அதன்கீழே குறுக்காக இரண்டு செங்கோல், இடையில் எழுத்துகள் என்றிருந்தால், பர்மிங்காமில் 1904க்கு முன் சோதித்த குழல். செங்கோல் இல்லாமல், முடிக்குக் கீழே BP என்று ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தால் அதற்குப் பிந்தியது. முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி என்றிருந்தால் அது இங்கிலாந்தே இல்லை, பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். 12 என்ற இலக்கம் குழலின் அகலத்தைச் சொல்வது: அந்தக் குழலுக்குப் பொருந்தும் ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல். மேலே பளபளப்பாக வெட்டியிருக்கும் பெயரை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். பல வேளை அது செய்தவன் பெயரல்ல, விற்ற கடையின் பெயர்.

இரும்பு இவ்வளவுதான் பேசும். எங்கே பிறந்தது என்று சொல்லும். யார் கையில் வளர்ந்தது என்று சொல்லாது. அதற்குக் காகிதம் வேண்டும். இலங்கையின் சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். அதன்படி துவக்கு வைத்திருக்கும் அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அலமாரியில் பழைய அனுமதிப்பத்திரங்கள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பெயர், முகவரி, துவக்கின் இலக்கம் எல்லாம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

காகிதமும் இல்லையா? வீட்டுப் பெரியம்மாவிடம் கேளுங்கள். சேனையில் காட்டுப்பன்றி விழுந்த இரவு, பங்கு பிரித்த கதை எல்லாம் வரும். 1971 பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அந்த ஏப்ரலில் கிளர்ச்சிக்காரர்கள் நாட்டின் பல இடங்களில் வீடு வீடாகத் துவக்குகளைத் தேடி எடுத்தார்கள். எண்பதுகளின் இறுதியிலும் அதே கதை. துவக்கு வீட்டிலிருப்பதே பயமாகிப்போன காலம். பல குடும்பங்களின் துவக்குக் கதை அந்த இரண்டு காலங்களில் ஒன்றில் அறுந்துபோகிறது.

ஆயுதம் வந்த வழியைத் தேடும் இந்த வேலையை நாடுகளும் செய்கின்றன. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது லெவ்கே திசாவையின் அலங்காரப் பீரங்கி அவர்கள் கைக்குப் போனது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் அது நெடுங்காலம் இருந்தது. எங்கிருந்து, எவ்வழியாக வந்தது என்று ஆராய்ந்த பிறகு, 2023இல் இலங்கைக்குத் திரும்பியது. கூடவே வந்த பொருட்களில் இரண்டு பெரிய துவக்குகளும் உண்டு. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் பார்க்கலாம்.

நமது வீட்டுத் துவக்குக்கு வருவோம். காணி மாதிரி இது தானாகப் பிள்ளைக்கு இறங்காது. அனுமதி ஆளோடு முடிந்துவிடும்; வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை பொலிஸில் ஒப்படைத்து வைப்பதுதான் பாதுகாப்பு. அனுமதி கிடைத்தாலும் சுட்டுப் பார்க்க அவசரப்படாதீர்கள். இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் செய்த அந்தக் காலத்துக் குழல்கள் கருமருந்துக்கென்று செய்தவை. இன்றைய தோட்டாவின் அழுத்தத்தில் அவை வெடித்துப் பிளக்கக்கூடும். பிளந்தால் முதலில் போவது குழலைத் தாங்கிப் பிடித்திருக்கும் கையின் விரல்கள்.