புகையின் பக்குவம்: பாம்பெர்க் நகரத்து மதுச்சாலை ஒன்றின் ஆண்டு



ஜெர்மனி தேசத்தில், பவேரியா மாநிலத்தின் வடபகுதியாகிய பிராங்கோனியாவில், ரெக்னிட்ஸ் நதி கிளை பிரிந்து ஓடும் பாம்பெர்க் நகரத்திலே, பேராலயக் குன்றின் அடிவாரத்தில், மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சுவரில் தெரியும் ஒரு பழைய வீடு இருக்கிறது. 1405ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே குறிப்பிடப்பெற்ற அந்த வீட்டின் பூர்வ நாமம் ‘நீலச் சிங்கம்’. ஆயினும், 1877ஆம் ஆண்டில் அதை ஏற்று நடத்தத் தொடங்கிய ஆந்திரேயாஸ் கிராஸர் என்பவர், கைகளை வீசி ஒருவிதமாக ஆடியாடி நடப்பவராகையால், ஊரார் அவருக்குச் செல்லமாக இட்ட ‘ஷ்லெங்கர்லா’ என்ற பட்டப்பெயரே நாளடைவில் கடைக்கும் நிலைத்துவிட்டது. தானே பீர் காய்ச்சித் தன் கூடத்திலேயே வார்த்துக் கொடுக்கும் இச்சிறு ஸ்தாபனத்தை இன்று டிரூம் குடும்பத்தார் ஆறாவது தலைமுறையாக நடத்தி வருகின்றனர். அவர்களுடைய ஓராண்டுக் காரியக்கிரமத்தைத் தொடர்ந்து பார்த்து, அதில் விளங்கும் கலைத்திறனை மதிப்பிடுவதே இன்றைய உரையின் நோக்கம்.

மதுவைப் பற்றி வானொலியில் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்த வெறுப்புக்கு நம் சமூகத்தில் நியாயமான காரணங்கள் உண்டு. எத்தனையோ குடும்பங்கள் குடியால் குலைந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாம். ஒருவரையும் குடிக்கத் தூண்டும் எண்ணம் எனக்கு இல்லை. தானியம், தண்ணீர், நெருப்பு ஆகிய எளிய சாதனங்களைக் கொண்டு, உலகமெல்லாம் சௌகரியத்தை நாடிக் கைவிட்ட ஒரு முறையைப் பிடிவாதமாகக் காத்து, அந்த முறைக்குள்ளேயே நுட்பங்களை வளர்த்துக்கொண்ட ஒரு பரம்பரையின் சிரத்தை, குடிப்பழக்கமே இல்லாதவரும் அறிந்து மதிக்கத் தக்கது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பீர் காய்ச்சும் தொழில் கொப்பரையில் தொடங்குகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வாற்கோதுமை ஈரத்தில் கண் விழிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. தானியத்தை நீரில் ஊறவைத்து, வடித்து, பரப்பி, ஒரு வார காலம் முளைக்க விட்டால், விதைக்குள் உறங்கும் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றவல்ல நொதிப்பொருள்கள் அதனுள் தாமாகவே தோன்றுகின்றன. முளை மேலும் வளர்ந்து அந்தச் சத்தைத் தானே உண்டு தீர்ப்பதற்கு முன், உஷ்ணத்தால் அதை உலர்த்தி நிறுத்திவிட வேண்டும். இப்படி முளைகட்டி உலர்த்திய தானியமே மால்ட். ஸ்டெஃபான்ஸ்பெர்க் என்னும் குன்றின் மேல் அமைந்த ஷ்லெங்கர்லாவின் காய்ச்சுசாலையில், தானியம் பரப்பிய துளைத்தட்டின் கீழே பீச் மரக் கட்டைகளை எரித்து, அந்த நெருப்பின் வெப்பத்தோடு புகையும் சேர்ந்து தானியத்தினூடே ஏறிச் செல்லும்படி விடுகிறார்கள். மரத்தின் லிக்னின் என்ற பொருள் எரியும்போது சிதைந்து, குவையகால், சிரிங்கால் முதலான வாசனைப் பொருள்களாகி, ஈரமான உமியின் மேல் படிகிறது. ஈரம் மிகுந்திருக்கும்போது புகை நன்றாகப் பற்றும். உலர உலரப் பற்றுவது குறையும். ஆகவே, நெருப்பை எப்பொழுது தணிப்பது, எப்பொழுது கிளறுவது என்ற தீர்மானத்திலேதான் அந்த ஆண்டு முழுவதும் வார்க்கப்போகும் பீரின் குணம் அடங்கியிருக்கிறது. இந்நாளில் பெரும்பாலான காய்ச்சுசாலைகள் மால்ட்டை வெளியிலிருந்து விலைக்கு வாங்கிக்கொள்கின்றன. ஷ்லெங்கர்லாவோ அந்தப் பொறுப்பைப் பிறர் கையில் கொடுப்பதில்லை. இவ்வீட்டுக் கலையின் உயிர்நிலை கொப்பரையைவிட அந்த உலர்த்துகளத்திலேயே இருக்கிறது என்பேன்.

விறகடுப்பில் காய்ச்சிய பாலில் புகை ஏறிவிட்டால் நம் வீட்டுப் பெண்டிர் அதைக் குற்றமாகவே கருதினார்கள். ஐரோப்பாவின் காய்ச்சுவோரும் தம் பீரில் ஏறிய புகையை நெடுங்காலம் அவ்வாறே கருதி, அதை ஒழிக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது நினைவில் வைக்கத் தக்கது. வெயிலில் காயவைக்க இயலாத குளிர்ப் பிரதேசங்களில், விறகுத் தீயில் உலர்த்திய மால்ட்டிலெல்லாம் சிறிதோ பெரிதோ புகை இருந்தே தீரும். அது அன்று ஒரு நிர்ப்பந்தம். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக் எரிபொருளால் புகையற்ற வெளிர்நிற மால்ட் செய்யக் கற்றார்கள். பின்னர், புகை தானியத்தைத் தொடாமல் சூடான காற்று மட்டுமே அதனூடே செல்லும்படி அமைத்த உலர்த்திகள் 19ஆம் நூற்றாண்டில் எங்கும் பரவின. அவை மலிவானவை, சீரானவை, தீ விபத்தின் அச்சம் குறைந்தவை. எனவே புகை மறைந்தது. ஊருக்கு ஊர் மறைந்தது. பாம்பெர்க் நகரத்தில் ஷ்லெங்கர்லாவும், நதிக்கு அப்புறத்தில் 1536ஆம் ஆண்டு முதல் அறியப்படும் ஷ்பெட்ஸியால் என்ற மற்றொரு மதுச்சாலையும் மட்டும் பழைய நெருப்பை விடவில்லை. எல்லோருக்கும் பொதுவான நிர்ப்பந்தமாக இருந்தபோது கலை என்று எவரும் கருதாத ஒன்று, இருவர் மட்டும் தெரிந்தே அதைத் தேர்ந்துகொண்ட பிறகு கலையாயிற்று. வேறு வழி இருந்தும் இவ்வழியையே கொள்ளும் சங்கற்பம் வந்த பின்பு, புகையின் அளவும் தரமும் ஆராய்ச்சிக்குரிய விஷயங்களாகிவிட்டன.

இனி அவர்களுடைய ஆண்டைப் பார்ப்போம். ஆண்டு முழுவதும் பீப்பாயிலிருந்து இறங்குவது மார்ட்ஸன் என்னும் கருஞ்செந்நிறப் பீர். அதன் சாராயச் சத்து நூற்றுக்கு 5.1. யந்திரக் குளிர்பதனம் இல்லாத நாட்களில் கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகும் என்பதால், மார்ச் மாதத்தில் சற்றுக் கனமாகக் காய்ச்சிக் குளிர்ந்த நிலவறைகளில் வைத்துக் கோடை முழுதும் பரிமாறிய வழக்கத்திலிருந்து வந்தது அப்பெயர். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று வேறொரு பீர் தலைகாட்டும். தவக்காலத்து நாற்பது நாட்களும் ஆகாரத்தைக் குறைத்த துறவிகள், திரவம் விரதத்தை முறிக்காது என்ற நியாயத்தைக் கொண்டு, சத்துமிக்க பீரை அருந்திப் பசியாறிய சம்பிரதாயம் அந்நாட்டில் பிரசித்தம். அந்தச் சம்பிரதாயத்தை ஒட்டி ஷ்லெங்கர்லா காய்ச்சும் விரதகாலப் பீர், வடிகட்டாமல் கலங்கலாகவும் செம்பழுப்பு நிறமாகவும், மார்ட்ஸனைவிடச் சற்றுத் தடித்தும் இருக்கும். ஈஸ்டர் வரையில்தான் கிடைக்கும். கேட்போருக்கு ஆண்டு முழுவதும் விற்றால் லாபம் கூடும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. இருந்தும் அதைக் காலத்தோடு கட்டிவைத்திருப்பதால், சுவைப்பவன் காலத்தையும் சேர்த்தே சுவைக்கிறான்.

கோடையில் புகை சற்று விலகி நிற்கும். முதிர்ந்த வெளிர்நிறப் பீரோடு, இன்னும் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருக்கும் இளம் புகைப்பீரைச் சேர்த்து மறுபடியும் நொதிக்க விட்டு, இலேசான ஒரு பீரை அப்பருவத்துக்கென்று கொடுக்கிறார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தாகத்துக்கு நல்லது, அவ்வளவே.

அக்டோபர் மாதமோ அந்த நகரத்துக்கு ஒரு திருவிழா. கனமான பாக் வகைப் பீர்களின் பருவம் அப்போது தொடங்குகிறது. குன்றினுள்ளே குடைந்த பாறை நிலவறைகளில் மாதக்கணக்காகக் குளிரில் உறங்கிய ஊர்பாக் என்ற பீரின் முதற்பீப்பாயைத் திறக்கும் மாலையில், கடைக்குள் இடம் கொள்ளாத ஜனங்கள் வீதியெங்கும் கண்ணாடிக் கோப்பைகளும் கையுமாக நிற்பார்கள். சாராயச் சத்து நூற்றுக்கு 6.5 ஆக உயரும்போது தானியத்தின் இனிப்பும் கூடுகிறது. இனிப்புக் கூடினால் புகையும் கூட வேண்டும், இன்றேல் சமநிலை கெடும். அந்தச் சமநிலையை நிறைவேற்றியிருக்கும் விதத்தில், ஊர்பாக்தான் இந்த வீட்டின் தலைசிறந்த படைப்பு என்பேன். முதலில் புகை, பிறகு கரிய சர்க்கரைப்பாகின் நினைப்பு, கடைசியில் ஹாப்பு மலரின் கசப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவனவற்றில் எதுவும் மற்றொன்றை மறைப்பதில்லை. நிலவறையின் குளிரில் கழிந்த மாதங்களே அந்த ஒழுங்கைத் தந்தன; அவசரப்பட்டுத் திறந்திருந்தால் புகை தனியே, இனிப்புத் தனியே நின்றிருக்கும்.

ஷ்லெங்கர்லாவில் பீரை வார்க்கும் முறையும் கலையின் ஒரு பகுதியே. மரப்பீப்பாயை மேடையில் ஏற்றி, குழாய் அடித்து, வாயுவின் அழுத்தம் எதுவும் இன்றித் தன் பாரத்தாலேயே கோப்பையில் விழவிடுகிறார்கள். அதனால் நாவைக் குத்தும் நுரைக்கூச்சல் குறைந்து, புகை மெத்தென்று படிகிறது. அரை லிட்டர்க் கோப்பையை அவ்வூரார் ‘ஸைட்லா’ என்பர். பாம்பெர்க் நகரம் தோட்டக்காரர்களின் நகரமும்கூட. வெங்காயச் சாகுபடியால் ஊராருக்கே ‘வெங்காயம் மிதிப்போர்’ என்ற பெயர் வழங்குகிறது. பெரிய வெங்காயத்தைக் குடைந்து, கொத்திய இறைச்சி நிரப்பி வேகவைத்து, புகைப்பீர்ச் சாற்றோடு பரிமாறும் பதார்த்தத்தை அந்தக் கூடத்தில் உண்பவர், இந்தப் பானம் அவ்வூர் மண்ணோடு எத்துணைப் பொருந்தியது என்பதை விளக்கமின்றியே அறிவார். 1489ஆம் ஆண்டிலேயே, அரசாட்சியும் செலுத்திய மேற்றிராணியார் ஒருவர், மால்ட், ஹாப்பு, தண்ணீர் தவிர வேறொன்றும் பீரில் சேரலாகாது என்று பாம்பெர்க்கில் கட்டளையிட்டார்; பலரும் பெருமையாகப் பேசும் 1516ஆம் ஆண்டுப் பவேரியக் கட்டளைக்கு அது 27 ஆண்டுகள் முந்தியது. எதையும் புறத்திலிருந்து சேர்க்க முடியாத அந்த எல்லைக்குள், தானியத்தை உலர்த்தும் நெருப்பின் மூலமாகவே புதுச்சுவையைத் தேடிக்கொண்டது இவர்களுடைய மதிநுட்பம்.

குறை ஒன்றும் இல்லையோ என்று கேட்பீர்கள். முதல் மிடறு கடினமானது; அதை மறைப்பதில் பயனில்லை. பீச் மரப்புகையில் பதப்படுத்திய பன்றியிறைச்சியின் வாசனையே முதலில் மூக்கில் ஏறுவதால், பானம் என்று எண்ணிக் கையில் எடுத்தவர் திடுக்கிட்டுக் கோப்பையை வைத்துவிடுவது உண்டு. மூன்றாவது ஸைட்லாவில்தான் ருசி பிடிபடும் என்று அவ்வூரார் சொல்வார்கள். அது எல்லோருக்கும் ஏற்ற யோசனையன்று என்றே நான் நினைக்கிறேன். ஒரு கோப்பையை நிதானமாக, ஆகாரத்தோடு அருந்துபவர்க்கே நாசி பழகிப் புகை பின்வாங்கி, அடியில் உள்ள தானியம் தெளிவாகத் தெரியும். புகையை இன்னும் மிருதுவாக விரும்புவோர் ஷ்பெட்ஸியாலுக்குச் செல்லட்டும். அதன் பீர் இளநிறமானது, சாந்தமானது, முதல் அறிமுகத்துக்கு அதுவே தகும். ஆயினும் சாந்தத்தைவிடத் துணிவே எனக்கு மேலாகத் தோன்றுவதால், என் தீர்ப்பு ஷ்லெங்கர்லாவின் பக்கமே சாய்கிறது.

ஷ்லெங்கர்லாவில் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது, புகையேற்றிய மால்ட் சிறிதும் சேராத இவர்களுடைய வெளிர்நிற லாகர் பீர். அதே கொப்பரைகளிலே காய்ச்சி, புகைப்பீரை நொதிக்கச் செய்த அதே ஈஸ்ட்டைக் கொண்டே நொதிக்க வைப்பதால், அதிலும் மெல்லிய புகை தொற்றிக்கொள்கிறது. புகையை அளந்து சேர்ப்பதில் காட்டும் திறமையை வேறொருவரும் பயின்றுவிடலாம். பழகிய பாத்திரமும் ஈஸ்ட்டும் தாமாகவே கொடுக்கும் இந்தச் சாயலை, அதே வேலையைத் தலைமுறைகளாகச் செய்தவர்களே பெறுவார்கள். 

பிறரும் இவ்வழியில் வராமல் இல்லை. அமெரிக்காவின் அலாஸ்கா மாகாணத்தில், ஜூனோ நகரத்துக் காய்ச்சுசாலை ஒன்று, மீன் புகைக்கும் கூடத்தில் ஆல்டர் மரப்புகை ஏற்றிய மால்ட்டால் 1988ஆம் ஆண்டிலேயே போர்ட்டர் என்னும் கரிய பீர் ஒன்றைச் செய்தது. ஷ்லெங்கர்லாவாரும் மரத்துக்கு மரம் புகை வேறுபடும் என்பதை ஆராய்ந்து, பிற்காலத்தில் ஆல்டர் மரத்துக்கு ஒன்று, செர்ரி மரத்துக்கு ஒன்று என்று தனித்தனிப் பீர்களைக் காய்ச்சத் தொடங்கியிருக்கிறார்கள். பழமையைக் காப்பவர் புதுமைக்குப் பகைவராகவே இருப்பார் என்ற எண்ணத்தை இவர்கள் தம் செய்கையாலே மறுத்துவிட்டார்கள்.

டிசம்பரில், கிறிஸ்து ஜயந்திக்கு முந்திய வாரங்களில், ஆண்டின் கடைசிப் பீப்பாய் திறக்கிறது. ஐஹெ என்று வழங்கும் அந்தப் பீரில் பீச் மரத்துக்குப் பதிலாக ஓக் மரப்புகை ஏற்றிய மால்ட் சேர்கிறது. சாராயச் சத்து நூற்றுக்கு 8. ஓக் புகை பீச்சுப்புகையைப் போல் முன்னே பாய்ந்து வருவதில்லை. இனிப்புக்குப் பின்னே, வெகு நேரம் கழித்து, தொண்டையில் தங்குகிறது. அளவாகவே காய்ச்சுவதால், அந்தக் குளிர்கால வாரங்களில் பாம்பெர்க்குக்குப் போகிறவர்கள்தாம் அதைப் பீப்பாயிலிருந்து சுவைக்கிறார்கள். பிறர் அடுத்த டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும்.