கிளட்ச் தேய்வது எந்த நொடியில்?



வேகமாக ஓட்டினால் கிளட்ச் சீக்கிரம் போய்விடும் என்று பலரும் சொல்வதுண்டு. அது சரியில்லை. டாப் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்கப் போனாலும் கிளட்ச் பிளேட் தேயாது. பெடலிலிருந்து கால் முழுசாக எடுத்தாயிற்று. எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலும், கியர்பாக்ஸோடு சுற்றும் பிளேட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. உரசலே இல்லாத இடத்தில் தேய்மானம் ஏது? எஞ்சின் ஒரு வேகத்திலும் சக்கரம் இன்னொரு வேகத்திலும் இருக்கும் அந்த ஓரிரு நொடிகளில்தான் கிளட்ச் தேய்கிறது. நம் ஓட்டுநர்கள் ‘ஹாஃப் கிளட்ச்’ என்கிறார்களே, அந்த நொடிகள்.

மேனுவல் கியர் உள்ள ஸ்போர்ட்ஸ் காரை நின்ற நிலையிலிருந்து சீறிக் கிளப்பும்போது இந்த நொடிகள் மிகக் கடுமையாகிவிடுகின்றன. 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000 காரைப் பாருங்கள். 2 லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது. ஆனாலும் ஜப்பானில் விற்ற காரில் 250 குதிரைசக்தி. அந்தச் சக்தி முழுக்கச் சுழற்சியில் இருந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை போகும். முறுக்குவிசை உச்சத்தைத் தொடுவதே 7,500இல்தான். 1,500இல் கிளட்சை விட்டால் கார் சாதுவாகத்தான் கிளம்பும். 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடுகிறது என்று அளக்க வேண்டுமானால், நின்ற இடத்திலேயே எஞ்சினை ஐயாயிரம், ஆறாயிரம் என்று ஏற்றிவைத்துக்கொண்டு கிளட்சை விட்டாக வேண்டும்.

அப்போது எவ்வளவு வெப்பம் பிறக்கிறது என்பதற்கு ஓர் அழகான கணக்கு இருக்கிறது. எஞ்சினை ஒரே ஆர்.பி.எம்.மில் பிடித்துக்கொண்டு, சமதளத்தில், சக்கரம் வழுக்காமல் காரைக் கிளப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கிளட்ச் முழுசாகக் கவ்வும் நேரத்தில் காருக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் வந்து சேர்ந்திருக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாகியிருக்கும். பெடலை மெதுவாக விட்டாலும் வேகமாக விட்டாலும் இதில் பெரிய மாற்றமில்லை. எத்தனை ஆர்.பி.எம்.மில் கிளப்புகிறோம் என்பதுதான் முக்கியம்.

ஆளோடு சேர்த்து 1,300 கிலோ எடை, முதல் கியரில் ஆயிரம் சுழற்சிக்கு மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் என்று கொள்ளுங்கள். 1,500இல் கிளப்பினால் கிளட்சில் சேரும் வெப்பம் சுமார் 7 கிலோஜூல். 6,000இல் கிளப்பினால் சுமார் 115 கிலோஜூல். சுழற்சி நாலு மடங்கு, வெப்பம் பதினாறு மடங்கு! 115 கிலோஜூல் என்பது ஒரு கிலோ இரும்பை 250 டிகிரி செல்சியஸ் சூடேற்றப் போதுமானது. அத்தனையும் இரண்டு நொடிக்குள், உரசும் மேல்தோலில் மட்டும் இறங்குகிறது.

இறங்கிய சூடு வெளியேறவும் வழி குறைவு. பிரேக் டிஸ்க்குக்குக் காற்று படும். கிளட்ச் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மூடிய கூட்டுக்குள் கிடக்கிறது. அதனால்தான் அடுத்தடுத்து மூன்று நான்கு முறை சீறிக் கிளப்புவது அவ்வளவு கெடுதல். முதல் முறை ஏறிய சூடு ஆறுவதற்குள் இரண்டாவது வந்து சேர்ந்துகொள்கிறது.

டயருக்கும் இதில் பங்குண்டு. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் காரில் கிளட்சைச் சட்டென்று விட்டால் டயர் வழுக்கிப் புகையும். கிளட்ச் உடனே கவ்விக்கொள்ளும். வெப்பம் டயருக்குப் போகிறது, அடி ஷாஃப்டுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் விழுகிறது. சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். மாதிரி நாலு சக்கரமும் இழுக்கும் காரில் டயர் லேசில் வழுக்காது. வழுக்க வேண்டியது கிளட்ச்தான். எந்தக் காராக இருந்தாலும் நேரத்தைக் குறைக்கும் கிளப்பல் என்பது, எஞ்சினை உயரத்தில் வைத்து, டயரைப் பிடிமானத்தின் விளிம்பில் நிறுத்தி, மிச்சத்தைக் கிளட்சில் வழுக்கவிடுவது. கடிகாரத்துக்கு உகந்தது எதுவோ, கிளட்சுக்கு அதுவே ஆகாதது. ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் தரத்தை, 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் நேரம் என்ற ஒற்றை எண்ணால் அளப்பது எனக்கு ஒப்புதலில்லை. வளைவில் அது எப்படித் திரும்புகிறது, கியர் லிவர் கைக்கு எப்படி வசப்படுகிறது என்பதற்காக எஸ்2000ஐ நேசித்தவர்கள்தான் அதிகம்.

சூடேறிய கிளட்சைக் கழற்றிப் பார்த்தால் நடந்தது தெரியும். பிளேட்டின் இரு பக்கமும் ரிவெட் அடித்து ஒட்டிய உராய்வுப் பட்டைகள் கண்ணாடிபோல் பளபளத்திருக்கும். அந்தப் பளபளப்பு வந்த பிறகு பிடிப்பு குறைந்துவிடும். ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டுகள், சில வேளை மயிரிழை விரிசல்கள். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய எஃகுத் தகடு ஒன்று உண்டு. கிளட்ச் மெத்தென்று கவ்வுவது அதனால்தான். சூட்டில் அது ஸ்பிரிங் தன்மையை இழந்தால், கார் கிளம்பும்போது உதறத் தொடங்கும். பட்டை இன்னும் தடிமனாக இருக்கும். ஆனாலும் கிளட்ச் கெட்டுப்போயிருக்கும்.

கருகிய வாடை வந்தால் வண்டியை நிறுத்தி, திரும்பத் திரும்பக் கிளப்பிப் பார்க்காதீர்கள். பெடலை விட்டு, கியரில் நிதானமாகச் சில நிமிடம் ஓட்டுங்கள். வழுக்கல் இல்லாததால் புதிய சூடு சேராது. கிளட்ச் தளர்ந்துவிட்டதா என்று அறிய, காலியான சாலையில் உயர்ந்த கியரில், குறைந்த சுழற்சியில் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். முள் மட்டும் எகிறினால் பிளேட் மாற்றும் வேளை வந்துவிட்டது. மேட்டில் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் இதே உரசல்தான். சாதாரணக் காராக இருந்தாலும் அங்கே ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள்.

பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கிய கையோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் புதிதாகப் போட்டுவிடுவதே நல்லது. செலவில் பெரும்பகுதி இறக்கி ஏற்றும் கூலிதான். புது பிளேட் ஃப்ளைவீலோடு படிய, முதல் 800 கிலோமீட்டர்வரை சீறல் வேண்டாம் என்பது கிளட்ச் தயாரிப்பாளர்கள் பலரும் சொல்லும் கணக்கு. அதுவும் நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓடித் தீர்த்த தூரம் சேராது. ஊருக்குள் நின்று நின்று, மெல்லக் கிளம்பிக் கிளம்பி ஓட்டிய தூரமாக இருக்க வேண்டும்.