கொலையாளி கிடைக்காத வீடு

(கப்பலூரில் நமது டிரஸ்ட் நடத்திய நிதி திரட்டும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)





வருடக்கணக்கில் துப்புத் துலங்காமல் கிடந்து, பிறகு கண்டுபிடிக்கப்பட்ட கொலை வழக்குகளைப் பற்றி ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஐயா இவ்வளவு நேரம் பேசினார்கள். "தர்மத்துக்குப் பணம் சேர்க்கக் கொலைக் கதைதானா கிடைத்தது?" என்று ஒரு பெரியவர் வாசலில் என்னைக் கேட்டார். சூரத்துல் பகராவுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது? பனீ இஸ்ராயீல்களில் ஒருவர் கொல்லப்பட்டு, கொன்றவன் யாரென்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்களே, அந்தச் சம்பவத்தோடு சேர்ந்ததுதான் அந்த மாட்டின் வரலாறு.

ஐயா சொன்ன இங்கிலாந்து வழக்கைப் பாருங்கள். லெஸ்டர் பக்கத்துக் கிராமங்களில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். ஒரு கொலையை ஒப்புக்கொண்டிருந்த வாலிபரை, நிரபராதி என்று காப்பாற்றியது அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்த டி.என்.ஏ. சோதனை. ஆயிரக்கணக்கான ஆண்களிடம் ரத்தம் எடுத்தும் உண்மைக் கொலையாளி சிக்கவில்லை. தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பிவிட்டான். அந்த ஆள் மதுக்கடையில் உளறியதைக் கேட்ட ஒரு பெண், போலீஸில் போய்ச் சொன்ன பிறகே பிடிபட்டான்.

நமக்குப் பக்கத்தில் கோட்டயம். 1992 மார்ச்சில் சிஸ்டர் அபயா மடத்துக் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்றார்கள். 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் சி.பி.ஐ. நீதிமன்றம் அது கொலை என்று தீர்ப்பளித்தது. 2022இல் உயர்நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்ததையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வழக்கில் முக்கிய சாட்சி யார்? அன்றிரவு செம்பு திருட மடத்துக்குள் ஏறிய ஒரு திருடர். குற்றத்தை ஏற்கச் சொல்லி அடித்தார்கள், பணமும் வீடும் தருவதாக ஆசை காட்டினார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார். கண்டதை அவர் மாற்றிச் சொல்லவில்லை. தொழுகையாளிகளான நாம் "நமக்கெதற்கு வம்பு" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். சூரத்துன் னிஸாவின் 135ஆவது வசனத்தை வீட்டில் ஒருமுறை அர்த்தத்தோடு ஓதிப் பாருங்கள்.

அபயாவின் தாய் தகப்பன் இருவருமே தீர்ப்பைப் பார்க்காமல் மௌத்தாகிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது அதுதான். கொலையாளி கிடைக்கும்வரை அந்த வீட்டின் கதி என்ன?

கைபரில் அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரலி) கொல்லப்பட்டுப் பள்ளத்தில் கிடந்தார்கள். உறவினர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். அவ்வூரார்மேல் சந்தேகம், பார்த்த சாட்சி இல்லை. சத்தியம் செய்யச் சொன்னபோது, கண்ணால் காணாததற்கு எப்படிச் சத்தியம் செய்வது என்று பின்வாங்கினார்கள். எதிர்த்தரப்பின் சத்தியத்தையும் ஏற்க அவர்களுக்கு மனமில்லை. சந்தேகத்தை வைத்து நபியவர்கள் யாரையும் தண்டிக்கவில்லை. அந்தக் குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்பவும் இல்லை. 100 ஒட்டகங்களைத் தாமே தியத்தாகக் கொடுத்தார்கள். அதில் ஓர் ஒட்டகம் தன்னை உதைத்ததாக இதை அறிவிக்கும் ஸஹாபி சொல்கிறார். ஹதீஸ் பாடத்தில் இந்த இடம் வந்தால் மாணவர்களுக்குச் சிரிப்பு வரும்.

இன்றைய சட்டத்திலும் இதற்கு வழியிருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். 396ஆவது பிரிவு (பழைய சி.ஆர்.பி.சி. 357ஏ) குற்றவாளி யாரென்றே தெரியாமல், விசாரணை நீதிமன்றத்துக்கே வராமல் போனாலும், இறந்தவரை நம்பியிருந்தவர்கள் இழப்பீடு கேட்கலாம் என்கிறது. மனுவை மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுக்கவேண்டும். இரண்டு மாதத்துக்குள் அவர்கள் விசாரித்து முடிக்கவேண்டும் என்பது சட்டம். வக்கீல் இல்லாவிட்டால் இலவசமாகச் சட்ட உதவி கேட்கலாம். கொலை வழக்குக்குக் காலாவதி கிடையாது. ஆனால் இழப்பீட்டு மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்று சேர்ந்த தொகை ஸதகா கணக்கில் தனியாக இருக்கும்; ஸகாத்தோடு கலக்காது. இப்படிப்பட்ட குடும்பங்களின் மனுச் செலவுக்கும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் மட்டும் அதைக் கொடுப்போம். முஸ்லிம் குடும்பமா என்று கேட்கமாட்டோம். தெரிந்த வீடு இருந்தால், எஃப்.ஐ.ஆர். நகலும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொண்டு இஷாவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரச்சொல்லுங்கள். பெண்கள் வருவதானால் முன்கூட்டித் தகவல் சொன்னால், நம் ஆலிமாக்களில் ஒருவர் அங்கே இருப்பார், இன்ஷா அல்லாஹ்.